ஓடுதளத்தை ஒட்டிய மனை

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் போகக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நல்லது, சார். திண்டிவனம் வழியில் போனால் டீ நன்றாக இருக்கும், அவ்வளவுதான். லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் விமானம் போயே போய்விடும். என் வண்டியில் ஏறிய எவரும் இதுவரை விமானத்தைத் தவறவிட்டதில்லை. ஜோசப் ஆனந்த் டிராவல்ஸ் என்றால் இந்த ஊரில் அதற்குத்தான் பேர்.

சின்னக்கண்ணுவை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள். அவன் என் குட்டியானை லோடு வண்டியை ஓட்டுகிறவன். கொட்டச் சொன்ன இடத்தில் கொட்டினான். அவனை அடித்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்ததை நானே சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனி இங்கே ஆட்களை அனுப்பியது. மலிவு டிக்கெட் கம்பெனி; குடிக்கிற தண்ணீருக்கும் காசு கேட்கிற ரகம். அவர்களுடைய பெரிய விமானங்கள் சென்னையிலிருந்து கிளம்புகின்றன. அவற்றை நிரப்ப, புதுச்சேரி மாதிரி ஊர்களிலிருந்து குட்டி விமானத்தில் ஆட்களை வாரிக்கொண்டு போகலாமா என்று பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டியது யார் கார் என்று நினைக்கிறீர்கள்? என்னுடையதுதான். நானேதான் ஓட்டினேன்.

அவர்களைக் கூட்டிவந்தவர் முசியே அலெக்சாண்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பிள்ளைகள் எல்லாம் பாரிசில். அவர் அம்மா இறந்தபோது, கொட்டுகிற மழையில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைச் சென்னை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தது என் வண்டி. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத மனுஷர், இப்போது என் பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இனிமே இந்தக் கார் தொல்லையெல்லாம் இல்லப்பா ஜோசப். இடுப்பு ஒடிய யாரு மெட்ராசுக்குப் போறது?"

தொல்லை. என் பிழைப்பைத்தான் அப்படிச் சொன்னார். சிரித்துக்கொண்டே கியர் மாற்றினேன்.

கம்பெனி ஆட்கள் காரில் ஒளிவு மறைவில்லாமல் பேசினார்கள். டிரைவருக்கும் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பயணிகள் இருக்கிறார்கள், கட்டணம் கட்டுபடியாகும், ஓடுதளம் குட்டி விமானத்துக்குப் போதும். பறவைத் தொந்தரவு உண்டா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளோட்டம் விட்டு முடிவு செய்யலாம் என்றார்கள்.

ஓடுதளத்துச் சுவரை ஒட்டி எனக்கு ஒரு காலி மனை இருக்கிறது. வண்டிகளை நிறுத்த வாங்கிப் போட்டது. வீராம்பட்டினத்தில் மீன் தலை, குடல், செதில் எல்லாம் சும்மாவே கிடைக்கும். அள்ளிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். சின்னக்கண்ணு தினமும் மத்தியானம் ஒரு நடை அடித்தான். தென்னைக்கு எரு என்று சொல்லிவைத்திருந்தேன்.

"கன்னே வைக்கலியே மொதலாளி, எருவ மட்டும் கொட்றோம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"வைக்கப்போறேன்டா. நீ கொட்டு."

முதலில் காக்கைகள் வந்தன. அப்புறம் பருந்துகள், கூட்டம் கூட்டமாக. பறவைத் தொந்தரவைப் பார்க்க வருகிற கம்பெனி அதிகாரி இவற்றைப் பார்த்து, இந்த ஊர் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அவர் விடிந்ததும் விடியாததுமாக வந்து பார்த்துவிட்டு, பறவை குறைவுதான் என்று சொல்லிவிட்டார். வெயில் ஏறின பிறகுதான் பருந்து வட்டமடிக்கும். என் சரக்கு வருவதும் மத்தியானம்தான். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். காலையிலேயே கொட்டச் சொல்லியிருந்தால் லினெட் இன்றைக்கு உயிரோடு இருப்பாள்.

லினெட் என் தங்கை ஞானமேரியின் மகள். அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண். சென்னையில் நேர்காணலுக்கு என் காரில்தான் போனாள். பயத்தில் வழியெல்லாம் வாந்தி. மகாபலிபுரத்தில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, சார். பிள்ளைப் பாசம் என்று ஒன்று எனக்கு இருந்ததென்றால் அது அவளிடம்தான்.

வெள்ளோட்டத்தை நடுப்பகலுக்கு வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"மாமா, நாளைக்கு அந்த ஃபிளைட்ல நான்தான் வரேன். நம்ம ஊருக்காச்சேன்னு கேட்டு வாங்கினேன். நீங்க கண்டிப்பா வந்து நிக்கணும்."

"வரேம்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டு நிதானமாக யோசித்தேன். நான் அவசரக்காரன் இல்லை. ஜேசிபி வைத்திருக்கும் சக்கரபாணி எனக்கு வேண்டியவர். கூப்பிட்டிருந்தால் உடனே வந்து மண்ணைத் தள்ளி எல்லாவற்றையும் மூடியிருப்பார். ஆனால் மூடினால் பருந்து போய்விடும். பருந்து போனால் விமானம் நோகாமல் இறங்கும். அப்புறம் நானும் என் டிரைவர்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒரு பறவை மோதினால் என்ன ஆகிவிடும், சத்தம் கேட்கும், பயந்துபோய் ஊரை விட்டு ஓடுவார்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவளைத் திரும்பக் கூப்பிட்டு, இறங்கும்போது பெல்ட்டை இறுக்கமாகப் போட்டுக்கொள் என்றேன்.

"இன்னா மாமா, எனக்கேவா?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் சின்னக்கண்ணுவை இரண்டு நடை அடிக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அலெக்சாண்டர் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார். நான் சால்வையோடு நின்றிருந்தேன். விமானம் தாழ்ந்து வந்த சத்தத்துக்குப் பருந்துகள் சுவருக்கு மேலே மொத்தமாக எழும்பின. எஞ்சினில் பருந்துகள் சிக்கி, விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மழைநீர்க் கால்வாயில் குத்தி நின்றது. வெள்ளோட்டம் என்பதால் பயணிகள் யாரும் இல்லை; விமானிகளுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. லினெட் மட்டும்தான் போனாள். பெல்ட் போட்டபடியே இருந்தாள் என்று டாக்டர் சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் அவள்.

புதுச்சேரியே வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். என் வண்டிகளுக்கு இப்போது ஓய்வில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், கார் அனுப்பு என்று அலெக்சாண்டரே கூப்பிட்டார்.

அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர்களை எல்லாம் என் வண்டிகள்தான் ஏற்றி இறக்கின. கல்லறைத் தோட்டத்தில் ஞானமேரி என் தோளில் விழுந்து அழுதாள்.

"அண்ணா, வராதடின்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பாளே. உனக்கு மனசுல ஒண்ணுமே படலியா?"

"எனக்கு என்னம்மா தெரியும்," என்றேன்.

தங்கையிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை, சார். அது ஒன்றுதான் உறுத்துகிறது. மற்றபடி நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை.