பெட்டியடியில் நீலக் கடுதாசி

இந்த மழைக்கு மைதாப் பசை காயவே மாட்டேங்குது, சாமி. நேத்து ஒட்டின பெட்டி இன்னைக்கும் தொளதொளன்னு கிடக்கு. கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. பாலக்கரையில அதிரசம், முறுக்கு சுடுற வீடெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்ப இந்தச் சகாயம்மாகிட்டதான் காகிதப் பெட்டி கேக்குறாங்க. அதான் பாவசங்கீர்த்தனத்தைச் சுருக்க முடிச்சுட்டு ஓடலாம்னு வந்தேன். கை சும்மா இருந்தா எனக்கு உடம்பெல்லாம் பரபரங்குது.

சின்னப் பாவங்களை முதல்ல சொல்லிடறேன். வெள்ளிக்கிழமைன்னு மறந்து கறிக்குழம்பு ருசி பார்த்துட்டேன். பழைய காலண்டர்ல மாதா படத்தை வெட்டி மூடிக்கு ஒட்டினேன், கத்தரி மாதா கழுத்துல பட்டுடுச்சு. அது ரொம்ப உறுத்துது.

அப்புறம் இந்தக் கடுதாசி சமாசாரம்.

தம்பி அடைக்கலத்தை அம்மா செத்ததுலேருந்து நான்தான் வளர்த்தேன். அவனுக்காகத்தான் கட்டிக்காமலே இருந்துட்டேன். ஞானப்பூவைக் கட்டின ஒரே வருஷத்துல, அம்பத்தாறுல, பினாங்குக்குக் கப்பல் ஏறினான். அவளை என்கிட்ட விட்டுட்டுப் போனான். மாசம் ஒரு நீலக் கடுதாசி வரும், அவ பேருக்கு. வாசல்ல உக்காந்து பெட்டி ஒட்டுறவ நான், தபால்காரர் என் கையிலதான் கொடுப்பார். பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி ஒட்டுறது எனக்கென்ன கஷ்டம்? முழுக்க அவளுக்குத்தான் எழுதியிருப்பான். ஓரத்துல, அக்காவைக் கேட்டதாகச் சொல்லுன்னு ஒரு வரி. வளர்த்தவளுக்கு அவ்வளவுதான். அதைக்கூட நான் பெரிசு பண்ணலை. ஆறாவது கடுதாசியில, அவளை அங்க அழைச்சுக்க ஏற்பாடு பண்றேன்னு எழுதியிருந்தான். நீங்களே யோசிச்சுப் பாருங்க. பொண்டாட்டியும் அங்க போயிட்டா, அவன் எதுக்குத் திரும்பி வரப்போறான்?

அதுலேருந்து வந்த எதையும் அவகிட்டக் கொடுக்கலை. அடுப்புல போட்டிருக்கலாம். தம்பி எழுத்தை எரிக்க மனசு வருமா? ரெண்டு தாளுக்கு நடுவுல வச்சு ஒட்டினா பெட்டியடி விறைப்பா நிக்கும். அவ எழுதினதையும் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் தருவா, காந்தி மார்க்கெட்டுக்குப் போறவ நான்தான. அதுவும் அட்டையாச்சு. அவ எழுத்து முத்து முத்தா இருக்கும். பெட்டி மேல ஒட்டுற சீட்டெல்லாம் அவ எழுதினதுதான். அடியில புருஷன் கடுதாசி, மேல பொண்டாட்டி எழுதின சீட்டு. நான் அவங்களைப் பிரிச்சேன்னு யார் சொல்ல முடியும்?

இருங்க, முட்டி மரத்துப்போச்சு, மாத்திப் போட்டுக்கறேன். வெளியில யாரும் காத்திருக்கலையே?

ஞானப்பூ சீட்டு எழுதிக்கிட்டே கேப்பா, "அண்ணி, அவர் அங்க யாரையாச்சும் சேர்த்துக்கிட்டாரோ?"

"எனக்கென்னம்மா தெரியும், ஆம்பளைங்க"ன்னுதான் சொல்வேன். ஆமான்னு ஒரு நாளும் சொன்னதில்லை. சோறு இறங்காம அவ துரும்பா இளைச்சுட்டா. நானே பிசைஞ்சு ஊட்டியிருக்கேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பக்கத்துத் தெரு ஷரபுன்னிசாவுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினோம். அதிரசம் எண்ணெய் கக்கி, அடித்தாள் ஊறி, உள்ள இருந்த எழுத்து அப்படியே தெரிஞ்சிருக்கு. வாழைச் சருகு வைக்காதது என் தப்பு, ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தா.

"அக்கா, ஞானப்பூ எங்க? அவ வீட்டுக்காரர் கடுதாசி இதுல ஒட்டியிருக்குக்கா. பெர்மிட் வாங்கிட்டாராம், நாகப்பட்டினத்துல கப்பல் ஏறச் சொல்றார். புருஷன் மறந்துட்டான்னு நேத்துகூட என்கிட்ட அழுதாளே!"

"கோயிலுக்குப் போயிருக்கா. நான் கொடுத்துடறேம்மா"ன்னு வாங்கிக்கிட்டேன்.

அவ கோயிலுக்குப் போகலை, சாமி. உள்ள சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. நான் பெட்டியைத் தண்ணியில ஊறவச்சுக் கசக்கிப் போட்டேன். சாயங்காலம் எழுந்து தலை வாரி, கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டு வந்து, "காவேரி வரைக்கும் போயிட்டு வரேன் அண்ணி"ன்னா. எதுக்குப் போறான்னு அவ முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. "சரிம்மா"ன்னேன்.

அவ கால் வழுக்கி ஆத்துல விழுந்துட்டான்னு உங்ககிட்ட நான் சொன்னது பொய். நிஜத்தைச் சொன்னா, தானா உசுரை விட்டவளுக்குக் கல்லறையில எடம் கொடுத்திருப்பீங்களா? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். கடுதாசியைப் படிச்சுட்டு அவ சந்தோஷமாத்தான் ஆத்துக்குப் போனான்னு ஷரபுன்னிசாகிட்டயும் சொன்னேன். அதுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

சாவுச் சேதி கேட்டு அடைக்கலம் வந்துட்டான். "இனிமே எனக்கு நீதான்க்கா"ன்னு மடியில விழுந்து அழுதான். எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. ஆனா மறுபடியும் பினாங்குக்குப் போறேங்கறான். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவச்சு, பொண்ணை என்கிட்ட விட்டுட்டுப் போடான்னிருக்கேன். எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணாப் பாருங்கன்னு தரகர்கிட்டயும் சொல்லியாச்சு. பாவம், ஞானப்பூ மாதிரி இதுவும் கடுதாசி கடுதாசின்னு ஏங்கிச் செத்துடக் கூடாது பாருங்க.