லவோன் இல்லாத பதினான்கு நாட்கள்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், அதிகாரி அவர்களே. இதுவே நன்றாக இருக்கிறது.

டுலூத்தில் எங்கள் கம்பெனி கதவுகளை இயக்கும் கணினிப் பெட்டிகள் செய்கிறது. பெட்டியின் கெர்னலை, அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரலை, அமைப்பது என் வேலை. அப்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று கணினி நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்கும். அதில் ஒன்று கட்டாய அணுகல் கட்டுப்பாடு. ‘வேண்டும்’ என்று போட்டால், விதியில் இல்லாததை யாரும் செய்ய முடியாது. முதலாளியாலும் முடியாது.

நான் போடுவேன், சோதனைப் பிரிவு லவோன் அணைப்பார். எங்கள் தொழிலில் எது ஓடாவிட்டாலும் முதலில் அதை அணைப்பார்கள், பிறகுதான் யோசிப்பார்கள்.

“கோர்டி, உங்க பூதத்தைத் தூங்க வச்சிட்டேன். இப்ப எல்லாம் ஓடுது,” என்பார், எல்லோர் முன்னாலும். பதினொரு தடவை. எனக்கு வலித்தது. கோபமெல்லாம் இல்லை.

ஆகவே எங்கள் கட்டடத்துக் கதவுகளையே இயக்கும் பெட்டிக்கு, அணைக்கும் வசதியே இல்லாமல் கெர்னலை அமைத்தேன். விதிகளை என் இஷ்டத்துக்கு எழுதுவது அநியாயம். ஆகவே பதினான்கு நாள் பெட்டியை வேடிக்கை பார்க்கவிட்டேன். அப்போது நடந்தது மட்டுமே இனி நடக்கலாம் என்பது விதி. லவோன் அந்த நாட்களில், தான் கட்டிக்கொள்ளப்போகிற டுவேனின் பெற்றோரைப் பார்க்க விடுப்பில் போயிருந்தார். அவருடைய குளிர்ச் சோதனை அறைப் பக்கம் யாரும் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவருக்கும் டுவேனுக்கும் நீதிமன்றத்தில் கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார். கோட்டு தேய்த்து வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு கருவியைப் பார்க்க அறைக்குள் போனார். திறந்தே கிடந்த கதவை, குளிர் வீணாகிறதே என்று நான்தான் சாத்தினேன். உள்ளே மைனஸ் பத்து. இந்த ஊருக்கு அது பெரிய குளிரில்லை.

கதவு திறக்கவில்லை. விதியை மாற்றப் போனேன். அந்தப் பதினான்கு நாளும் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததால், பார்க்க மட்டுமே எனக்கு அனுமதி. கேமராவில் பார்த்தேன்.

“கோர்டி, அதை அணைச்சுத் தொலைங்க,” என்றார் லவோன், பல் தந்தியடிக்க.

“அதுக்கு வழியில்லையே, லவோன். நீங்கதானே பதினொரு தடவை அணைச்சீங்க.”

தீயணைப்புக்காரர்கள் கதவை அறுக்கும்போது மணி ஐந்தரை. நீதிமன்றத்தை மூடிவிட்டார்கள். டுவேன் பூங்கொத்தோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

பழிவாங்கினேன் என்கிறார்கள். விதிகள் முழுவதையும் படியுங்கள், லவோன் பெயரே இல்லை. அவருடைய விடுப்பும் என் பதினான்கு நாட்களும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல். அது தவறிவிடக் கூடாதென்று மூன்று மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன்.