சீனி முகம்மது வாய் மூடிய வாரம்

சீனி: ...பசார்ல கையக் காட்டித்தானே வாங்கினேன்? வெண்டைக்காய முத்தலா அள்ளிப் போட்டுட்டான். திட்ட வாய் இல்ல.

ஹபீபா: என்னது? கேக்கல.

சீனி: முத்தல்னேன், செவிட்டு மகராசி.

ஹபீபா: வெளிய ஊமை. வீட்டுக்குள்ள வந்தா வாய் மூட மாட்டேங்கிறீங்க.

சீனி: பந்தயம் தெருவுக்குத்தானே லா? வாய் திறக்காம ஒரு வாரம் நாசி கண்டார் சோறு விக்கணும். தெருவுல கடைக்குப் பத்துக் காசு தர்றாங்க. சின்னையாண்ணே ஒரு வெள்ளியே குடுத்துட்டாரு. 'சீனி வாய் மூடுனா அதுவே புண்ணியம்'னு.

ஹபீபா: முடிவெட்டுற சின்னையாண்ணனா? அவரு கடையில பேச்சு ஓயுதாக்கும்... காசு எதுக்குன்னு சொன்னீங்களா?

சீனி: சொன்னேனே. புத்துநோய்க்கு மருந்து தேடுற ஆராய்ச்சிக்கு, டாக்டரு சீமைக்கு அனுப்புவாருன்னு.

ஹபீபா: யாருக்குப் புத்துன்னு?

சீனி: அதச் சொல்வேனா? என் நாக்குலன்னு தெரிஞ்சா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். சோறும் வாங்க மாட்டான்.

ஹபீபா: அந்த மருந்து உங்களுக்கு...

சீனி: எனக்கெங்க? வேற எவனாச்சும் வாயாடிக்கு ஆகட்டும்.

ஹபீபா: ம்... இன்னிக்கு யாரு வாயப் புடுங்கப் பாத்தா?

சீனி: பக்கத்துக் கடை அப்துல் ரசாக். நேரா வந்து சலாம் சொல்றான்.

ஹபீபா: அய்யோ. பதில் சொல்லணுமே.

சீனி: சொன்னேன். 'தோத்துட்டான், தோத்துட்டான்'னு குதிக்கிறான். தெருவே கூடிருச்சு. கடைசில சின்னையாண்ணேதான் தீர்ப்புச் சொன்னாரு. சலாம் ஆண்டவன் கணக்கு, பேச்சுல சேராதுன்னு.

ஹபீபா: நல்ல வேளை.

சீனி: நல்ல வேளையா? அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் சலாம்தான். குழம்பு பத்தலைன்னவனுக்கு முறைச்சுக்கிட்டு ஒண்ணு. வரிசையில முந்தி வந்தவனுக்கு நீட்டி ஒண்ணு. ரசாக்குக்குச் சொன்ன சலாம்ல அவன் சம்பந்தி வரைக்கும் திட்டிட்டேன்.

ஹபீபா: அல்லா... பாவம் புடிக்கும்.

சீனி: நீ ஏன் சிரிக்கிறே?

ஹபீபா: சரியாக் கேக்கல. ரசாக்குக்கு எப்படிச் சொன்னீங்க?

சீனி: 'வ அலைக்க்க்குமுஸ் ஸலாம்.' இப்படி.

ஹபீபா: இன்னொரு தடவை.

சீனி: காது வர வர மோசம். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில உன் காதையும் காட்டிருவோம்.

ஹபீபா: சனிக்கிழமை உங்களுக்கு என்ன செய்வாங்களாம்?

சீனி: சின்னதா கீறி விடுவாங்க. ரெண்டு நாள் கஞ்சி. அவ்வளவுதான்.

ஹபீபா: என்னது?

சீனி: என்ன, இதுவும் கேக்கலையா?

ஹபீபா: கேட்டுச்சு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சீனி: ஹபீபா... கீறல் இல்ல. நாக்கையே எடுத்துருவாங்க. இந்தப் பந்தயம்... காசுக்குத்தான். கொஞ்சம் பழகிப் பாக்கவும்தான்.

ஹபீபா: தெரியும். போன மாசமே தனியாப் போயி டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்.

சீனி: நீயா? டாக்டரு முணுமுணுன்னுல்ல பேசுவாரு. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?

ஹபீபா: சனிக்கிழமைக்கு முன்னாடி உங்க குரல ரெண்டு ரெண்டு தடவை வாங்கி வெச்சுக்கிட்டேங்க. என் காதுக்கு ஒண்ணும் இல்ல.