ஷோகேஸில் சூடாமணி

"ஹலோ... ஆமா, மாட வீதி ஸ்டூடியோதான்... ஆமாமா, கருணாகரன்தான் பேசறேன்... அட, ஜெயபாரதியம்மாவா! வணக்கம்மா, வணக்கம். ஜவுளிக்கடையில உங்க வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் சார் சௌக்கியமா? பாப்பா சூடாமணி எப்படி இருக்கா?..."

அந்தப் பக்கம் என்ன சொல்ல வந்தார்கள் என்பதைக் கருணாகரன் காதில் வாங்கவில்லை. போனில் வாடிக்கையாளர் கிடைத்தால் அவருக்கு வாய் நிற்காது.

"ஆமா, ஆமா, ஷோகேஸ்ல நடு நாயகமா பாப்பா படம்தான். யூனிபார்ம்ல, ரெட்டை ஜடையோட. தெருவே நின்னு பார்க்குது... யாரைக் கேட்டு வெச்சேனா? இதுக்கெல்லாம் யாரும்மா கேப்பாங்க?... கோவப்படாதீங்க... புரியுது, புரியுது, திருஷ்டிதானே? ரீடச்சிங்லயே கன்னத்துல ஒரு மைப்பொட்டு வெச்சுடறேன். பாக்கறவங்க கண்ணு அதுலதான் போவும்..."

எழுபத்தாறாம் வருஷம் அது. என் பிள்ளை படத்தையும் கண்ணாடிக்குள் வையுங்கள் என்று கெஞ்சியவர்கள் போய், எடுத்துவிடுங்கள் என்று சண்டைக்கு வருகிறவர்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்ச நாள் முன்பு ஒரு வக்கீல்கூடக் கத்திவிட்டுப் போனார். எல்லாருக்கும் கண்ணேறு பயம் என்பதுதான் கருணாகரன் கண்டுபிடித்த காரணம்.

"திருஷ்டி இல்லையா? பின்னே?... சட்டம்லாம் பேசாதீங்கம்மா. நெகட்டிவ் ஸ்டூடியோவுக்குத்தான் சொந்தம்..."

இந்தச் சட்டத்தை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவராகப் போட்டுக்கொண்டது.

"படத்தோட காப்பியா?... வேற யாருக்கும் தரலியே. உங்க தம்பிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் குடுத்தேன்... உங்க தம்பிதாம்மா, பம்பாய்லேர்ந்து வந்திருக்காரே! ஷோகேஸ் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. இது யார் வீட்டுக் குழந்தைன்னாரு. கோபாலபுரம் சுயம்புலிங்கம் சார் பொண்ணுன்னேன். அப்படியே கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. எங்க அக்கா பொண்ணாச்சே, இன்னிக்குத்தான் முகத்தைப் பாக்கறேன்னாரு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, திடுதிப்புனு போய் நிக்கப்போறேன்னு... ஹலோ? அம்மா?... கேக்குதா?..."

வாசலில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குளத்துப் பக்கமாகக் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள்.

"எங்கேர்ந்து பேசறீங்க?... ஸ்கூல்லேர்ந்தா? ஏன்மா, வீட்ல போன்... இன்னாம்மா சொல்றீங்க?... எந்த ஆளு?... ஆயா எப்படி விட்டா?... போட்டோவா... ஆமா, பின்னாடி நம்ம ஸ்டூடியோ சீல் இருக்கும்... சரிதான், கையில போட்டோ வெச்சிருந்தா சொந்தக்காரர்னுதான் யாரும் நெனைப்பாங்க... பயப்படாதீங்கம்மா, தாய்மாமன்தானே கூட்டிக்கிட்டு... என்னது?... உங்களுக்குத் தம்பியே... கூடப்பொறந்தவங்க யாருமே இல்லியா?"

கருணாகரன் குழந்தைகளை உட்கார வைக்கும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடையாளமா... சொல்றேன், சொல்றேன்... என் உயரம் இருப்பான். வெள்ளைச் சட்டை... மீசை... மீசை இருந்துச்சா... தெரியலியேம்மா..."

முகங்களை வைத்தே பிழைப்பவருக்கு அந்த ஒரு முகம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"போலீஸுக்குச் சொல்லியாச்சா?... சார் கிளம்பிட்டாரா?... நானும் வரேன், இப்பவே வரேன்... பாப்பா அழுதாளா? ஆயா என்ன சொல்றா?... அழலியா?... சிரிச்சுக்கிட்டே ஓடினாளா... ஆமா... ஆமா... பேரு சொல்லிக் கூப்பிட்டானா? சூடாமணின்னா?... இல்லியா?... சிட்டுன்னா?"

கருணாகரன் ஷோகேஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா... வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிடற பேருதான்... வெளியாளுக்கு எப்படித் தெரியும்... அம்மா, கொஞ்சம் கேளுங்க... அன்னிக்கு படம் எடுக்கச்சே பாப்பா சிரிக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சா இல்லையா? நீங்க கேமரா பின்னாடி நின்னு சிட்டு, சிட்டுன்னு கூப்பிட்டீங்களே... அந்த ஆளு கேட்டான்மா. முன்னப்பின்ன பாத்ததில்லையே, என்னைக் கண்டா பயந்துடுவாளோன்னு கேட்டான். நான்தாம்மா... சிட்டுன்னு கூப்பிடுங்க, யார்கிட்ட வேணும்னாலும் சிரிச்சுக்கிட்டே வந்துடுவான்னு நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்... ஹலோ... அம்மா... ஹலோ..."

லைன் கட்டாகியிருந்தது.