எங்க சோளம்

சோமனூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"தறி வேலை பழக வந்து எங்க ஊட்டுல தங்கியிருக்கிற ஜெர்மன்காரப் புள்ள, எருமைக்குக்கூட மரியாதை குடுக்குதுங்கக்கா."

"எருமைக்கா?"

"எதுத்த ஊட்டு எருமை நம்ம சோளக்காட்டுக்குள்ள பூந்திருச்சுங்க. 'போங்க, வெளிய போங்க'ன்னு கெஞ்சிட்டு நின்னுச்சு. எருமை அசையவே இல்ல. எருமைக்காரரு வரப்புல நின்னு சிரிக்கிறாரு. இந்தப் புள்ள ரெண்டு நாள் தாங்காதுன்னு சொன்ன அதே மனுசன்."

"அப்புறம்?"

"புள்ள அவரு பக்கம் திரும்புச்சுங்க. 'ஏனுங்க, உங்க எருமை எங்க சோளத்தத் தின்னுதுங்க. ஓட்டிட்டுப் போங்க.' மனுசன் சிரிப்ப நிறுத்திட்டு ஓட்டிட்டுப் போயிட்டாரு."

"தமிழ் நல்லா வந்திருச்சாட்ட இருக்குது."

"தமிழ உடுங்க. எங்க சோளம்னு சொல்லுச்சுங்கக்கா. எங்க சோளம்!"

இரண்டாவது முறை சொன்னது ஓட்டுநர் வரைக்கும் கேட்டிருக்கும்.