செல்வின் பண்ணின போணி

சரி… நான் சொல்ல வர்றதை நேராச் சொன்னா மண்டையில ஏறாது. ஒரு குட்டிக் கதையா சொல்லிடறேன், கேளுங்க. பின்னாடி டீ குடிக்கிறவங்க அங்கேயிருந்தே கேக்கலாம், எந்திரிச்சு வர வேண்டாம்.

கோவில்பட்டிப் பக்கம் வெயிலுமுத்துன்னு ஒருத்தர். நல்ல மனுஷன். தவணையில ஒரு டிவி வாங்கினாரு. பெரிய டிவி… வீட்டுக்குள்ள டிவி இருக்கா, டிவிக்குப் பின்னாடி வீடு இருக்கான்னு தெரியாது. கொஞ்ச மாசம் ஒழுங்காக் கட்டினாரு. ஒருநாள் டிவியில கலர் சரியில்லைன்னு கோபம் வந்துச்சு. கடைக்காரன் மேல கோபம்னா கடைக்காரனைத் திட்டணும். இவரு தவணையை நிறுத்திட்டாரு. கடனை ஒழுங்காக் கட்டறோமான்னு பேங்க்காரங்க பாக்கற சிபில் ஸ்கோர் தரை தட்டிருச்சு. "ஸ்கோர் என்ன ஸ்கோர், நான் என்ன கிரிக்கெட்டா ஆடறேன்"னு கேட்டுட்டு அவரு பாட்டுக்கு டிவி பாத்தாரு.

மக முத்துச்செல்விக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சுது. அப்பாவும் மகளும் கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போறாங்க. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பாக்கறாரு… இவரைப் பாக்கறாரு… மறுபடியும் கம்ப்யூட்டரைப் பாக்கறாரு. "அம்மா, உங்க அப்பாவும் சேந்து கையெழுத்துப் போடணும். அவரு ஸ்கோர் இப்படி இருந்தா நான் கடன் தர முடியாது. அந்தப் பழைய பாக்கியைக் கட்டிட்டு வாங்க."

பாக்கி எவ்வளவு? ஒன்பதாயிரம் ரூபா. காலேஜ்ல சேர கொஞ்ச நாள்தான் இருக்கு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க தாய்மார்களே? முக்கி முனகியாவது கட்டுவீங்க. வெயிலுமுத்து என்ன செஞ்சாரு?

கெட்டுப்போன ஸ்கோரை ரிப்பேர் பண்ற கடை ஆரம்பிச்சாரு.

சிரிக்காதீங்க அண்ணாச்சி, அவரு நியாயத்தையும் கேளுங்க. "ஏட்டி செல்வி, ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்கோர் கெட்டுக் கிடக்கு. நாம ஒரு கடை போட்டா, அந்த லாபத்துல பாக்கியும் தீந்துரும், உன் படிப்பும் முடிஞ்சுரும்." அந்தப் பிள்ளை கேக்குது, "அந்த வேலை உங்களுக்குத் தெரியுமாப்பா?" "ஸ்கோர் எப்படிக் கெடும்னு இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?"

மேசை நாற்காலி, ஆசாரிகிட்ட கடன். போர்டு கடன். பந்தல் கடன், சவுண்டு சர்வீஸ் கடன், வர்றவங்களுக்குக் கேசரி, அதுவும் கடன். மொத்தம் இருபத்திரண்டாயிரம். ஒன்பதாயிரத்தை அடைக்க இருபத்திரண்டாயிரம்… கூட்டத்துல கணக்கு வாத்தியார் இருந்தா காதைப் பொத்திக்கோங்க.

திறப்பு விழா. குத்துவிளக்கு ஏத்தியாச்சு. வர்றவங்க கேசரி தின்னுட்டுக் கையைத் துடைச்சிட்டுப் போறாங்க. முதல் காசு குடுத்து ஒருத்தரும் போணி பண்ணல. இங்க வியாபாரம் பண்றவங்களுக்குத் தெரியும்… போணி கைக்காசாத்தான் வரணும், கடன் ஆகாது. போணிக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தக் காசைப் பொழுது சாயறதுக்குள்ள வெளிய குடுக்கவும் கூடாது.

மத்தியானம் ஒரு பைக் வந்து நிக்குது. இறங்கறது யாரு? செல்வின். டிவி பாக்கியை வசூல் பண்ண வர்ற தம்பி. இவருக்குப் போன் பண்ணிப் பண்ணித் தொண்டை கட்டிப்போனவன். வெயிலுமுத்து என்ன பண்ணாரு? மேசைக்கு அடியில போயிட்டாரு. செல்வினும் குனிஞ்சு பாத்து, "அண்ணாச்சி, வெளிய வாங்க. வசூலுக்கு வரல. போணி பண்ண வந்தேன்."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"எனக்கும் ஸ்கோர் போச்சு அண்ணாச்சி. கல்யாணத்துக்கு லோன் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க."

பாருங்க… வசூல் பண்றவன் கதையும் அதுதான்.

"பீஸ் ஐநூறு தம்பி." "உங்க பாக்கியில கழிச்சுக்கிறேனே அண்ணாச்சி." "போணியில கழிக்கக் கூடாது. கையில குடுங்க." குடுத்தான். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நாற்காலியில நிமிந்து உக்காந்தாரு. குரலே மாறிப்போச்சு. "தம்பி… முதல்ல பழைய பாக்கியை அடைக்கணும். புதுக் கடன் வாங்கக் கூடாது. மாசாமாசம் தேதி தவறாமக் கட்டணும். ஸ்கோர் தானா ஏறும்."

செல்வின் கேக்கறான், "அண்ணாச்சி… இதைத்தானே நான் மாசாமாசம் போன்ல உங்களுக்குச் சொன்னேன். நான் சும்மா சொன்னேன். நீங்க ஐநூறு வாங்கிட்டீங்க."

கேசரித் தட்டோட நின்ன முத்துச்செல்விக்குத் தாங்கல. "அப்பா, அந்த ஐநூறை நம்ம பாக்கிக்கு அவரு கையில குடுங்க."

"போணிக் காசு தாயி. வெளிய குடுத்தா கடை விளங்காது."

"கடை விளங்க வேண்டாம்ப்பா. நான் படிக்கணும்."

குடுத்தாரு. மறுநாள் மேசை நாற்காலி ஆசாரி வீட்டுக்கே திரும்பிப் போச்சு. டிவியை வித்தாரு, பாக்கியைத் தீத்தாரு. பந்தல், கேசரிக் கடனை மாசாமாசம் அடைச்சாரு. பேங்க்ல கடன் கிடைச்சுதா? கிடைச்சுது. ஆனா கட்டின விவரம் பேங்க் கம்ப்யூட்டர்ல வந்து சேர்றதுக்குள்ள காலேஜ் தேதி தாண்டிருச்சு. அந்தப் பிள்ளை அடுத்த வருஷம்தான் சேந்துச்சு. பள்ளிக்கூடத்துல கூட உக்காந்து படிச்ச சிநேகிதிகளை, காலேஜ்ல "அக்கா"ன்னு கூப்பிட்டுச்சு.

இப்ப உங்களைக் கேக்கறேன். வெயிலுமுத்துக்கு வழி தெரியாதா? தெரியும். பீஸ் வாங்கிட்டுச் சொல்ற அளவுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். சர்க்கரை உள்ளவரு பந்தியில பக்கத்து இலைக்காரருக்கு ஜாங்கிரி வேண்டாம்னு புத்தி சொல்வாரு… சொல்லிட்டு அந்த ஜாங்கிரியையும் சேத்து இவரு சாப்பிடுவாரு. அடுத்தவங்களுக்குச் சொல்ற புத்தியில ஒண்ணே ஒண்ணை இன்னைக்கு வீட்டுக்குப் போய் நீங்க செய்ங்க. ஏன் சொல்றேன்னா… நாம தள்ளிப் போடறதை நம்ம தலையில எழுத மாட்டாங்க, பிள்ளைங்க தலையில எழுதிடுவாங்க. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

வெயிலுமுத்து ஸ்கோர் இப்ப நல்லா ஏறிருச்சாம். அந்தப் பிள்ளைக்கு வீணாப் போன ஒரு வருஷத்தை… எந்தக் கடையில குடுத்து ரிப்பேர் பண்றது?