பிரிவு பதினாலும் ஒரு வேன் கதவும்

ஆறு மாசமாம் சார்! ஒரு கதவைத் திறந்ததுக்கு ஆறு மாசம்! கொலையா பண்ணிட்டான்? கொள்ளையா அடிச்சான்? வண்டியை ஓரமா நிறுத்திட்டு, மனுஷன் இறங்கறதுக்குக் கதவைத் திறக்கறான். அதுக்குப் போய்க் கம்பி எண்ணணுமாம்... இருங்க, தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ங்க. அந்தக் கட்டுப் போட்ட கையை மடியிலயே வெச்சுக்குங்க, தூக்காதீங்க. ம், அப்படித்தான்.

பேசாதீங்க சார். வாயில நுரை போயிடும்.

பேப்பர்ல போட்டிருக்கான், பாத்தீங்களா? சாலைப் பாதுகாப்பு மசோதா. இன்னும் சட்டமாகல. மாநிலச் சட்டசபையில வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதுல பிரிவு பதினாலு. 'நிறுத்திய வாகனத்தின் கதவை, பின்னால் வருபவரைப் பாராமல் திறந்து அவருக்குக் காயம் ஏற்படுத்துவது குற்றம்.' சரி, குற்றம்னே வெச்சுக்குவோம். அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாருங்க... படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'கண்ணாடியில் பார்த்தேன் என்று சொல்வது சாக்காக ஏற்கப்படாது.' ஏன் ஏற்கப்படாது? கண்ணாடி பொய் சொல்லுமா? இருபத்தாறு வருஷமா கண்ணாடியைப் பாத்துத்தான் சார் பொழைக்கறேன். இந்தத் தெருவுல பாதிப் பேரை நான் நேருக்கு நேர் பாத்ததைவிடக் கண்ணாடியில பாத்ததுதான் அதிகம். இதை எழுதின மடையன் எவனோ!

தாடையை ஆட்டாதீங்க. சிரிக்கறீங்களா? கத்தி சார், கத்தி.

சரி, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. 'போன செவ்வாக்கிழமை வேன் கதவைத் திறந்து என்னைக் கவுத்தவனே இவன்தான், இவன் சட்டம் பேசறான் பாரு'ன்னு நினைக்கறீங்க. நினைங்க, நினைங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. இந்தத் தெருவுக்குத் தபால்காரரா வந்து முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள சைக்கிளோட சேத்து உருட்டிட்டேன். அதனாலதானே ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், கை கூடற வரைக்கும் உங்க தாடி என் பொறுப்புன்னு!

ஆனா பாக்காம திறக்கல சார். அது மட்டும் சத்தியம். பாத்தேன். பக்கக் கண்ணாடியில நல்லாவே பாத்தேன். சைக்கிள் வருது. தோள்ல பை தொங்குது. புதுசா வந்த தபால்காரர்னும் தெரியுது. அதோட விட்டிருக்கலாம்ல? இந்தப் பாழாப்போன கண்ணு தலைக்குப் போயிடுச்சு. வலது காதுக்கு மேல படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கு. இடது பக்கம் கிருதாவையே காணோம். கண்ணாடியில பாத்ததால பக்கம் மாறியிருக்கும், அது வேற. அடப்பாவி, எந்த சலூன்ல இந்த அநியாயம் நடந்துச்சுன்னு... ஒரு கொதிப்பு. கதவைத் திறந்துட்டேன். உங்களைக் கேக்கலாம்னுதான் சார் இறங்கினேன்!

என்ன? கையை எதுக்கு அந்தப் பக்கம் காட்டறீங்க? வீட்டுலயா? வீட்டம்மாவா வெட்டிவிட்டாங்க?

ஓ...

இல்ல, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே. நல்ல... துணிச்சலான கை.

கன்னத்தை உப்புங்க. ம். அப்புறம் பாத்தா ரோடு முழுக்கக் கடுதாசி. நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நான் ஓடி ஓடிப் பொறுக்கறேன். அதுல ஒரு நீளக் கவர். பாத்தா என் பேரு, என் கடை விலாசம்! அந்த வலியிலயும் நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'உங்களுதா? எடுத்துக்குங்க, ஒரு கடை மிச்சம்.' நான் அழறதா சிரிக்கறதா?

அந்தக் கவர்லதான் சார் வந்து சேந்துச்சு எனக்கு வினை. சட்டசபைக் குழு கூப்பிட்டிருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, மசோதாவைப் பத்தி வந்து பேசணுமாம். ஒரு சலூன்காரனை எதுக்குக் கூப்பிடறாங்கன்னு பாக்கறீங்களா? இந்தப் பக்கம் திரும்புங்க, சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால நானும் சைக்கிள்லதான் கடைக்கு வருவேன். ஒருத்தர் காரை நிறுத்தினார், கதவைத் திறந்தார், நான் அந்தக் கதவு மேல. தோள்பட்டை எலும்பு போச்சு. மூணு மாசம் கை தோளுக்கு மேல போகல. கை மேல போகாத சலூன்காரன் எதை வெட்டுவான்? உயரமானவங்க எல்லாம் வேற கடைக்குப் போயிட்டாங்க. அந்த ஆள் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, கொஞ்சம்கூட அசராம, 'கண்ணாடியில பாத்தேனே'ங்கறார். பாத்தாராம்! சரின்னு விட்டுட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! இதுக்கு ஒரு சட்டம் கொண்டுவராம ஓயமாட்டேன்னு வீட்டுல சொன்னேன். 'முதல்ல குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிபண்ணுங்க, அப்புறம் சட்டம் கொண்டுவரலாம்'கறா எங்க வீட்டுல. தாழ்ப்பாள் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

ஆனா மனு எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். நானூத்துப் பன்னெண்டு பேர்! எப்படி வாங்கினேன்கறீங்க? நுரை போட்டு, கத்தியைக் கழுத்துகிட்ட கொண்டுபோனப்புறம்தான் காகிதத்தை நீட்டுவேன். ஒருத்தர்கூட மறுக்கல. நம்ம தொகுதி சட்டசபை உறுப்பினரும் இதே நாற்காலியில உக்காந்துதான் போட்டார். அந்த வேனும் அப்ப வாங்கினதுதான். உள்ள உக்காந்திருக்கறவனை எவனும் கதவால இடிக்க முடியாதுல்ல?

அந்த உறுப்பினர் நல்ல மனுஷன் சார். 'அபராதம் போட்டாப் போதாதா'ன்னுதான் கேட்டார். நான்தான்... 'போதவே போதாது, ஆறு மாசம் உள்ள போடுங்க'ன்னேன். 'கண்ணாடியில பாத்தேன்னு சொன்னா என்ன பண்றது'ன்னார். 'அதெல்லாம் சாக்கு, ஒத்துக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துடுங்க'ன்னேன். பேனாவை எடுத்து அப்படியே எழுதிக்கிட்டார்.

ஆமா சார். அந்த மடையன் நான்தான்.

மேல பாருங்க, தாடைக்குக் கீழ கொஞ்சம் பாக்கி.

நாளைக்கு அங்க போய் நான் என்னத்தைச் சொல்றது? பிரிவு பதினாலை எடுத்துடுங்கன்னா, ஏன்டா, நீதானே கேட்டேன்னு கேப்பாங்க. இருக்கட்டும்னா, என்னை மாதிரி இன்னொருத்தன், நல்லவன்தான், எவன் தலையையோ பாத்துக்கிட்டே கதவைத் திறந்துட்டு உள்ள போவான். சட்டம் கேட்டவனும் நான், அதுல முதல்ல மாட்ட வேண்டியவனும் நான். மசோதா இன்னும் மசோதாவா இருக்கறதால வெளியில நிக்கறேன். நீங்க புகார் குடுக்கலைங்கறதாலயும்தான்.

அதுக்கு இன்னும் உங்களுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல, இல்ல?

படிகாரம் தடவறேன். எரியும்.

முடிஞ்சுது. இந்தாங்க துண்டு. இப்ப நீங்க பேசலாம் சார். உங்க வாயாலயே சொல்லுங்க. பிரிவு பதினாலு இருக்கட்டுமா, எடுத்துடச் சொல்லட்டுமா? நீங்க எடுக்கச் சொன்னா எடுக்கச் சொல்லிடறேன். அடிபட்டவரே சொல்லிட்டார்னு தைரியமா...

எதுக்கு எந்திரிக்கறீங்க? அதை ஏன் உருவறீங்க? அது பழசு சார், மனுவோட கடைசித் தாள். கீழ நாலஞ்சு வரி காலியா இருந்துச்சு, நகல் எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால சொருகி வெச்சேன்.

பேனாவா? இருக்கு... இடது கையாலயா? சார், யோசிச்சுக்குங்க. இப்ப நுரையும் இல்ல, கத்தியும் இல்ல. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல.

நானூத்துப் பதிமூணு.

சரி... இருக்கட்டும்கறீங்க. புரிஞ்சுது. நாளைக்கு முதல்ல இந்தத் தாளைத்தான் நீட்டப்போறேன். கடைசிக் கையெழுத்து ஏன் இப்படிக் கோணலா இருக்குன்னு கேப்பாங்க. கேக்கட்டும். தலையைப் பாத்த கதையையும் சேத்தே சொல்லிடறேன்.

வாங்க, வேன்ல கொண்டுபோய் விடறேன்... என்னது, நடந்தேவா? ரெண்டு கிலோமீட்டர் சார்! சார்! அட, நில்லுங்க...

சரி சரி, போங்க. ஓரமா போங்க! நிக்கற வண்டிகிட்டப் போகாதீங்க! அப்புறம் அந்தக் காதுக்கு மேல இருக்கற படிக்கட்டை மட்டும் ஒரு நாள்... இல்ல, ஒண்ணுமில்ல. வீட்டம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க!